அருகம்புல்லின் ஹவாய்ப் பெயர்

நம் கல்லறைத் தோட்டங்களிலும் வயல் வரப்புகளிலும் கணுவுக்குக் கணு வேரூன்றித் தரையோடு படரும் அருகம்புல்லை அறியாதார் இலர். பசிபிக் மாகடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளிலும் இதே புல் உண்டு. அத்தீவுகளின் தாய்மொழியில் அதன் பெயர் 'மானியேனியே'.

வழவழப்பானது, மரஞ்செடியின்றி வெறுமையாய்க் கிடப்பது என்பது அச்சொல்லின் பொருள். பசுமை விரிக்கும் புல்லுக்கு வெறுமை என்று பெயரா என நாம் முதலில் திகைத்தோம். புதர் நீங்கிச் சமமாய்க் கிடக்கும் முற்றத்தை எண்ணிப் பார்த்தபோது, பெயரின் பொருத்தம் ஒருவாறு விளங்கிற்று.

மற்றொரு படரும் புல் 'மானியேனியே உலா' எனப்படுகிறது. 'உலா' என்றால் அவர்கள் மொழியில் சிவப்பு. நம் வீதியுலாவுக்கும் அதற்கும் உறவில்லை! அமெரிக்காவில் புனித அகுஸ்தினார் பெயரால் வழங்கும் தடித்த புல்லுக்கோ 'அக்கியக்கி ஹவ்லே' என்று பெயர். 'அக்கியக்கி' என்பது கடற்கரையில் வளரும் ஒரு புல். 'ஹவ்லே' என்றால் அந்நியர். வெளியிலிருந்து வந்ததைத் தமக்குத் தெரிந்த புல்லின் பெயராலேயே அழைத்து, வந்த வழியையும் அதில் குறித்து வைத்தனர். அருகம்புல்லும் வெளியிலிருந்து வந்ததே. ஆதலால் 'மானியேனியே ஹவ்லே' என்றும் அதனைச் சொல்வதுண்டு.

அவ்வாறு பெயர் பெற்றவை புற்கள் மட்டுமல்ல. பெல்ஜிய நாட்டு அருட்தந்தை தமியான் 1864-இல் ஹொனலூலு வந்து, அங்கேயே குருப்பட்டம் பெற்றார். 1873-இல் மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளரிடையே குடியேறி, அவர்கள் மொழியிலேயே மறையுரை ஆற்றினார். அம்மொழியில் 'த' ஒலிக்குத் தனி எழுத்தில்லை. ஆகவே அவர் 'கமியானோ' ஆனார். 1889-இல் அந்நோயாலேயே மரித்த அவர், 2009-இல் புனிதராக உயர்த்தப் பெற்றார்.

அந்நியரைப் பெயர் சூட்டி ஏற்ற அம்மொழிக்கே பின்னர் இடமில்லாது போயிற்று. 1893-இல் அரசி வீழ்த்தப்பட்டார். 1896-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே போதனா மொழியாக்கியது. தாய்மொழி பேசியதற்காகப் பள்ளியில் தண்டனை பெற்றதை முதியோர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். பிள்ளைகள் வீட்டிலும் அதனைப் பேசாதொழிந்தனர். பாட்டி சொன்ன புல்லின் பெயர் பேரனுக்குப் புரியாத நிலை நேர்ந்தது.

1978-இல் அம்மொழி ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாயிற்று. 1984-இல் காவாய்த் தீவில் 'பூனானா லேயோ' என்னும் மழலையர் பள்ளி தொடங்கிற்று. குரலின் கூடு என்பது அப்பெயரின் பொருள். அங்கே சிறுவர்கள் ஹவாய் மொழியிலேயே விளையாடவும் செபிக்கவும் கற்றனர்.