நிலா மறைந்ததும் விழுந்த கோட்டை

மண்டகப்பட்டுக் குடைவரையைக் காணச் செல்வோர் அருகிலுள்ள செஞ்சிக்கும் போய் வருவதுண்டு. மகேந்திரவர்மன் குடைந்ததும் கருங்கல்தான். செஞ்சிக் கோட்டை நிற்பதும் கருங்கற் குன்றுகளின் மேல்தான். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் நீண்ட மதில் இணைக்கிறது. ஊர் நடுவே இருக்கிறது. 1690இல் முற்றுகையிட்ட மொகலாயப் படைக்கு இக்கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆயிற்று. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். எப்படி?

வெளியே தோற்ற முகமது அலியின் படை கோட்டைக்குள் ஓடியது. துரத்திவந்த பிரெஞ்சுக்காரர்கள் வாயிற்கதவில் வெடிமருந்தை வைத்துப் பிளந்து, நள்ளிரவுக்குள் ஊரைப் பிடித்தனர். ஆனால் குன்றுகளிலிருந்து குண்டு மழை பொழிந்தது. அவர்கள் உடனே ஏறவில்லை. பீரங்கியால் பதிலடி கொடுத்தபடி நிலா மறையக் காத்திருந்தனர்.

பஞ்சாங்கக் கணக்கு உங்களுக்குத் தெரியுமல்லவா? அமாவாசைக்குப் பின் நாள்தோறும் நிலா ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி மறைகிறது. செப்டம்பர் 11 வளர்பிறை ஏகாதசியை ஒட்டிய நாள். ஆகவே பின்னிரவில்தான் இருள் கிடைத்தது. மேலே இருப்பவனுக்கு உயரம் பெரும் பலம். ஆனால் இலக்குத் தெரியாவிட்டால் அந்த உயரத்தால் என்ன பயன்? மூன்று குன்றுகளையும் ஒரே நேரத்தில் தாக்கியதால் ஒன்றுக்கொன்று உதவவும் முடியவில்லை. விடிவதற்குள் மூன்றும் விழுந்தன. குன்றுகளைத் தாக்கியதில் பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர் சுமார் 20 பேரே.

வெல்ல முடியாத கோட்டை என்ற பெயர் போயிற்று. பிரெஞ்சுப் படையின் பெயர் ஓங்கிற்று. எதிர்த்துக் கிளம்பிய நிஜாம் நாசிர் ஜங் அதே டிசம்பரில் செஞ்சிக்கு அருகே கொல்லப்பட்டார். டூப்ளேயின் கை விரும்பியவரே அடுத்த நிஜாம் ஆனார்.

ஆனால் செஞ்சி இலேசில் விடவில்லை. பத்தாண்டுகளில் 1200 ஐரோப்பியர் அங்கே நோயால் மடிந்தனர் என்று அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் இராபர்ட் ஆர்ம் எழுதுகிறார். காற்றே கெட்டது என்பது அன்றைய விளக்கம். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டதே 1897இல்தான். எதிரியின் குண்டு 20 பேரைக் கொன்ற இடத்தில் நோய் அதைப்போல் அறுபது மடங்கு பேரைக் கொன்றது!

1761 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் சரணடைந்தனர். முற்றுகையிட்ட ஆங்கிலேயர் படையிலும் அதற்குள் 300 சிப்பாய்கள் நோயால் மாண்டிருந்தனர். தளபதி ஸ்டீபன் ஸ்மித் நிபந்தனைகளை மறுபேச்சின்றி ஏற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.