தக்காளிக்கு நடுவே ஒரு திருட்டுச் செடி!

பேப்பர் படிக்கிறவர்களுக்கு 'ஊடுபயிர்' என்ற வார்த்தை இரண்டே இடத்தில்தான் கண்ணில் படும். ஒன்று, விவசாயப் பக்கம். இன்னொன்று, போலீஸ் செய்தி. விவசாயப் பக்கத்தில் வந்தால் தென்னைக்கு நடுவே வாழை. போலீஸ் செய்தியில் வந்தால் மரவள்ளிக்கு நடுவே கஞ்சா. அதிலும் கள்ளக்குறிச்சிச் செய்தி என்றால் கேட்கவே வேண்டாம்... அடுத்த வரியில் கல்வராயன் மலை வந்துவிடும்!

இப்போது இந்த ஊடுபயிர் ஆசை மலையை விட்டு இறங்கி, மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார்:

"பாஸ், மாடியில பத்துத் தொட்டி வெச்சிருக்கேன். தக்காளி, கத்திரி, மிளகாய்னு ஜோரா வருது. நடுவுல ஒரே ஒரு 'அந்த'ச் செடி வெச்சா யாருக்குத் தெரியும்? ஜெர்மனியில கவர்மென்ட்டே மூணு செடி வளர்த்துக்கோன்னு சொல்லுதாமே!"

(பெயர் வேண்டாம். மனிதருக்கு அடுத்த மாதம் கல்யாணம்.)

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் பி.காம். படித்தவன். எந்த விஷயமானாலும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும்.

ஒரு கிலோவும் ஒரு செடியும்

1985 நவம்பர் 14-ம் தேதி அமலுக்கு வந்தது போதைப்பொருள் தடுப்புச் சட்டம். நம் ஆட்களுக்கு அதில் ஒரே ஒரு விஷயம் அரைகுறையாகத் தெரியும். "ஒரு கிலோவுக்குள்ள இருந்தா சின்னக் கேஸ்தான் சார்!"

பாதி உண்மை. காய்ந்த கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அது 'சிறிய அளவு'. தண்டனை அதிகபட்சம் ஒரு வருடம், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு'. குறைந்தபட்சமே பத்து வருடம், இருபது வரை போகலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பத்து வருடம் வரை.

இந்தக் கிலோ கணக்கெல்லாம் கையில் வைத்திருப்பவனுக்கு. செடி வளர்ப்பவனுக்கு? சட்டத்தின் 20-வது பிரிவில் அவனுக்குத் தனியாக ஒரு உட்பிரிவு இருக்கிறது. அதில் சிறியது, பெரியது, நடுத்தரம் என்ற பேச்சே கிடையாது. கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு செடியும் செடிதான், ஒரு ஏக்கரும் செடிதான்!

அதாவது, 900 கிராம் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பவனுக்கு அதிகபட்சம் ஒரு வருடம். தொட்டியில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு அதிகபட்சம் பத்து வருடம். 'அதிகபட்சம்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், நீதிபதி குறைக்கலாம். ஆனால் வழக்கு அந்தப் பெரிய பிரிவில்தான் பதிவாகும். ஜாமீன் ஸ்டேஷனிலேயே கிடைக்கிற சமாசாரம் இல்லை.

இன்னொரு கண்ணி 54-வது பிரிவில். நீங்கள் பயிர் செய்யும் நிலத்தில் கஞ்சாச் செடி நின்றால், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளலாம். "எனக்குத் தெரியாது, பறவை எச்சத்துல விழுந்து முளைச்சிருக்கும்" என்றால், அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள், பறவை இல்லை!

46-வது பிரிவு அதற்கும் ஒரு படி மேலே. தன் நிலத்தில் யாரோ திருட்டுத்தனமாக வளர்ப்பது தெரிந்தால், நிலத்துக்காரர் உடனே போலீஸுக்கோ உரிய அதிகாரிக்கோ சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தால் அதுவே குற்றம். ஆக, வாடகைக்கு இருக்கும் பையன் மாடியில் செடி வைத்து, ஹவுஸ் ஓனர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தால் அவருக்கும் தலைவலி.

செடி என்ன தரும்?

"சரி, சட்டத்தை விடுங்க. தோட்டத்துக்கு நல்லதாமே? பூச்சி வராதாமே?" இது நண்பரின் அடுத்த கேள்வி.

நம் விவசாயி சும்மா ஊடுபயிர் போடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தக்காளி 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி நடச் சொல்கிறார்கள் தோட்டக்கலைக்காரர்கள். காய்ப்புழுவின் தாய்ப் பூச்சி தக்காளியை விட்டுவிட்டுச் செண்டுமல்லியில் போய் முட்டை வைக்கும். பருத்திக்கு ஓரமாக ஆமணக்கு நட்டால், இலையைத் தின்னும் புழு ஆமணக்குக்குப் போய்விடும். தட்டைப்பயறு போட்டால் வேர் முடிச்சில் தழைச்சத்து சேரும். வெற்றிலைக் கொடிக்கு அகத்தி. அது கால் மாதிரி நின்று தாங்கும், நிழலும் தரும்.

கஞ்சா என்ன தரும்? தழைச்சத்தை வாரி வாரித் தின்னும். கத்திரியையும் வெண்டையையும் பிடிக்கிற வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் இதையும் பிடிக்கும். மண்ணில் காரீயம், காட்மியம் என்று எது கிடந்தாலும் உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும் குணம் வேறு. பூக்க ஆரம்பித்தால் அந்த வாசனை மூன்றாவது வீட்டு மாமி வரைக்கும் போகும். நாலு தொட்டி தக்காளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாலும், மூக்குக்கு ஏது திரை?

ஒரு வேடிக்கை. நாம் கடைந்து சாப்பிடுகிற புளிச்சக்கீரையில் ஒரு வகைக்குத் தாவரவியல் பெயர் ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். 'கஞ்சா மாதிரி இருப்பது' என்று அர்த்தம்! இலை விரல் விரலாகப் பிரிந்திருப்பதால் வந்த பெயர். மரவள்ளி இலையும் அதே ஜாடைதான். தூரத்திலிருந்து பார்த்தால் எது எது என்று சட்டெனத் தெரியாது. மரவள்ளிக் காட்டுக்குள் திருட்டுச் செடி ஒளிந்துகொள்வதற்கு இந்த ஜாடையும் ஒரு காரணம்.

மரவள்ளி என்றதும் மலைக்குப் போய்விடுவோம்.

மலையில் நிற்கும் கேள்வி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. கள்ளக்குறிச்சி, சேலம் இரண்டு மாவட்டத்திலும் கிடக்கிறது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு. வசிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். (கேரளா இல்லை ஸார், 'மலையை ஆள்பவர்' என்கிற மலையாளி. பேசுவது நம் தமிழ்தான்.)

நமக்கு 1947-ல் சுதந்திரம் கிடைத்தது. அந்த மலையில் ஜாகீர்தார்கள் ராஜ்ஜியம் முடிவுக்கு வந்தது 1976-ல்! அதுவரை வெட்டி வேலையும் வரியும் அவர்களுக்குத்தான். சாமை, மரவள்ளி, காட்டில் பொறுக்கும் கடுக்காய்... இவைதான் பிழைப்பு. மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர், சின்னசேலம், சேலம் பக்கம் உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. விலையை முடிவு செய்வது மலையில் இருப்பவர் இல்லை.

நான் போயிருந்தபோது டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கஞ்சா என்ற வார்த்தையை எடுத்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்க வர்றவங்க எல்லாம் இதைத்தான் கேக்குறாங்க தம்பி. கெழங்கு என்ன வெலைக்குப் போவுதுன்னு ஒருத்தரும் கேக்கலை."

நான் பிறகு விலையைக் கேட்டேன். சொல்லிவிட்டு, லாரி வாடகை, ஆள் கூலி எல்லாம் கழித்துக் காட்டினார். நான் படித்த காஸ்ட் அக்கவுன்ட்ஸ் எல்லாம் அந்தப் பெஞ்சில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைசியாகச் சொன்னார்:

"எவனோ வெதை குடுப்பான், முன்பணம் குடுப்பான். செடி வளர்ந்தா அவனுது. போலீஸ் வந்தா நம்முளுது."

இதைவிடச் சுருக்கமாக இந்த வியாபாரத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு. கூட்டு வியாபாரச் சட்டத்தில் இப்படி ஒரு பார்ட்னர்ஷிப்பை நான் படித்தது இல்லை!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். உடனே எல்லார் விரலும் கல்வராயன் மலையைக் காட்டியது. அங்கே வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைப்பது பழைய கதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கருணாபுரத்தில் உயிரை எடுத்தது மெத்தனால். அது மலையில் காய்ச்சுகிற சரக்கு இல்லை, தொழிற்சாலைச் சரக்கு. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்தது. சாலை எங்கே, வசதி எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்டது. அறுபது பேர் செத்த பிறகாவது யாரோ ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டார்கள்.

தப்பை நியாயப்படுத்தவில்லை. செடி வைத்தவர் வைத்தவர்தான். ஆனால் வேரோடு பிடுங்கி வரிசையாகப் போட்டு எடுக்கிற போட்டோவில் எப்போதும் ஒரு விவசாயி நிற்கிறார். விதை கொடுத்தவர் நிற்பது அபூர்வம்.

எடை விஷயத்திலும் ஒரு சங்கதி. சட்டப்படி 'கஞ்சா' என்பது பூவும் காயும் உள்ள நுனிக் கதிர். அதோடு சேராத தனி இலையும் விதையும் கணக்கில் வராது. செடியை வேரும் தண்டுமாக மொத்தமாகத் தராசில் ஏற்றினால் கிலோ எகிறும், பிரிவும் மாறும். ஜாமீன் மனுக்களில் பல உயர் நீதிமன்றங்கள் இதைக் கேட்டிருக்கின்றன. ஆனால் அதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டும், வக்கீலுக்கு ஃபீஸ் வேண்டும். கிழங்கு விற்ற காசில் அது முடியுமா?

ஜெர்மனி சட்டம் ஜெர்மனிக்கு

நண்பரின் ஜெர்மனிக்கு வருகிறேன். அவர் சொன்னது நிஜம். 2024 ஏப்ரல் 1 முதல் (ஏமாற்று வேலை இல்லை!) அங்கே வயது வந்தவர் வீட்டில் மூன்று செடி வரை வளர்க்கலாம். கனடாவில் 2018-லேயே வீட்டுக்கு நாலு செடி என்று நாடு தழுவிய சட்டம் வந்துவிட்டது. தாய்லாந்து 2022-ல் கதவைத் திறந்துவிட்டது. 2025-ல் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு, பூவுக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்றது.

நம் நாட்டிலும் வாசல் ஒன்று உண்டு. நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்க அரசு அனுமதிக்கலாம் என்று 14-வது பிரிவு சொல்கிறது. 2018-ல் உத்தரகாண்ட் அந்த வழியில் போய், போதைச் சத்து 0.3 சதவிகிதத்துக்கு மேல் இல்லாத ரகத்துக்கு லைசென்ஸ் கொடுத்தது. லைசென்ஸ் நாருக்கு, நண்பரின் நோக்கத்துக்கு இல்லை!

வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தச் சர்ச்சை நடந்திருக்கிறது. 1893-ல் இதற்கென ஒரு கமிஷன் போட்டு, 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வளர்க்கும் பழக்கம் அப்போதே அதில் பதிவாகியிருக்கிறது. முழுத் தடை வேண்டாம், கட்டுப்படுத்தி வரி போட்டால் போதும் என்றது கமிஷன். நியாயம் எந்தப் பக்கம் என்று பார்லிமென்ட்டில் பேசட்டும், பத்திரிகையில் எழுதட்டும். சட்டம் மாறும்வரை, தொட்டி இருப்பது ஜெர்மனியில் இல்லை, நம் மொட்டை மாடியில்!

ஐந்தொகை

வரவுப் பக்கம்: ரகசியமாக ஒரு செடி வைத்திருக்கிறோம் என்கிற கிளுகிளுப்பு. இளம் வயதில் தொடர்ந்து புகைத்தால் சிலருக்கு மனநோய் வரைக்கும் போகலாம் என்கிறார்கள் டாக்டர்கள். அதனால் இந்த வரவையும் பாதிக்கு மேல் கழிக்க வேண்டும்.

செலவுப் பக்கம்: பத்து வருடம் வரையிலான ஒரு பிரிவில் எஃப்.ஐ.ஆர். அரசாங்க வேலைக்குப் போனால் போலீஸ் விசாரணையில் அது வந்து நிற்கும். கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். துபாய் வேலை, சிங்கப்பூர் வேலை எல்லாம் வாய்தா தேதியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெண் வீட்டார் விசாரிப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாடியில் வைக்க வேண்டியது செண்டுமல்லி. ஒரு பந்தல் போட்டு அவரையை ஏற்றிவிடுங்கள். புளிச்சக்கீரையும் போடலாம், எதிர்வீட்டு மாமா சந்தேகப்பட்டால் ஒரு கட்டுப் பறித்துக் கொடுங்கள், கடைந்து சாப்பிட்டுவிட்டு சர்ட்டிபிகேட் கொடுப்பார்.

அடுத்த முறை பேப்பரில் 'மரவள்ளிக்கு நடுவே ஊடுபயிராக...' என்று படித்தால், கைதானவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். விதை கொடுத்தவர் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று கடைசி வரி வரைக்கும் தேடிப் பாருங்கள்.