கைக்கடிகாரம், பேனாக்கத்தி: எங்கே அனுமதி, எங்கே தடை?

புது தில்லி: வீட்டிலிருந்து புறப்படும்போது கையில் கட்டிக்கொள்ளும் கடிகாரத்தையும், பையில் போட்டுக்கொள்ளும் சிறு பேனாக்கத்தியையும் யாரும் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், அதே கடிகாரம் மருத்துவ நுழைவுத் தேர்வு மையத்தின் வாயிலில் கழற்றப்படுகிறது. அதே கத்தி விமான நிலையச் சோதனையில் பயணியிடமிருந்து விலக்கப்படுகிறது. கத்தியின் அளவும் அமைப்பும் மாறினால், அதை வைத்திருந்தவர் மீது ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கே பதிவாகலாம்.

இவ்விரு பொருள்களுக்கும் நாடு முழுவதற்குமான ஒரே தடையோ, ஒரே அனுமதியோ இல்லை. பொருளின் வடிவம், அது கொண்டுசெல்லப்படும் இடம், வைத்திருப்பதன் நோக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

தேர்வறையில் கடிகாரம்

இந்தியாவில் கைக்கடிகாரத்தைச் சாதாரண மக்களின் பொருளாக்கியதில் பொதுத்துறை நிறுவனமான எச்எம்டிக்குப் பெரும் பங்கு உண்டு. 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1961-இல் கைக்கடிகார உற்பத்தியில் இறங்கியது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-இல் உருவாக்கிய டைட்டன் நிறுவனம், ஒசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. நஷ்டத்தில் இயங்கிய எச்எம்டி கைக்கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

சாவி கொடுத்து ஓடினாலும் மின்கலத்தில் ஓடினாலும், அந்தக் கடிகாரங்களின் வேலை நேரம் காட்டுவது மட்டுமே. கைபேசியுடன் இணைந்து செய்தி பெறவும் அனுப்பவும் வல்ல ஸ்மார்ட் வாட்ச் வந்த பிறகு நிலைமை மாறியது. மணிக்கட்டில் இருப்பது கடிகாரமா, தகவல் தொடர்புக் கருவியா என்ற கேள்வி தேர்வு நடத்துவோர் முன் எழுந்தது.

இதன் பின்னணியில் 2015-ஆம் ஆண்டு நிகழ்வு முக்கியமானது. அவ்வாண்டு மே மாதம் நடைபெற்ற அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில், மறைத்து வைக்கப்பட்ட மின்னணுக் கருவிகள் வழியாகத் தேர்வர்களுக்கு விடைகள் அனுப்பப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. அத்தேர்வை உச்ச நீதிமன்றம் ஜூன் மாதம் ரத்து செய்தது. சுமார் 6.3 லட்சம் மாணவர்கள் ஜூலையில் மீண்டும் தேர்வெழுத நேர்ந்தது. தேர்வு மையங்களில் ஆடைக் கட்டுப்பாடும் கடும் உடல் சோதனையும் அதன் பிறகே பரவலாயின.

இன்று தேசியத் தேர்வு முகமை நடத்தும் நீட் தேர்வில் எந்த வகைக் கைக்கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை. தாத்தா கொடுத்த பழைய எச்எம்டி கடிகாரமும், புத்தம் புதிய ஸ்மார்ட் வாட்சும் அங்கு ஒன்றாகவே கருதப்படுகின்றன. வாயிலில் சில நொடிகளில் முடியும் சோதனையில் ஒவ்வொரு கடிகாரத்தையும் ஆராய்ந்து வகை பிரிப்பது நடைமுறையில் கடினம் என்பதால், முழுத் தடையே எளிய வழியாகிறது. அதே நேரத்தில், 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், கடிகாரம் பார்த்துப் பயிற்சி செய்து பழகிய மாணவருக்கு அது இல்லாத மணிக்கட்டு உண்மையான இடையூறே. எனவே, வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே கைக்கடிகாரம் இன்றிப் பழகுவது பயனளிக்கும். கணினி வழியில் நடைபெறும் ஜேஇஇ போன்ற தேர்வுகளில் மீதமுள்ள நேரம் திரையிலேயே தெரியும்.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யுபிஎஸ்சி இதில் வேறு நிலைப்பாட்டைக் கொண்டுள்ளது. சாதாரணக் கைக்கடிகாரத்தைத் தேர்வறைக்குள் கட்டிச்செல்ல அது அனுமதிக்கிறது. தகவல் தொடர்புக்குப் பயன்படக்கூடிய வசதிகள் கொண்ட கடிகாரங்களையும் ஸ்மார்ட் வாட்சுகளையும் மட்டும் தடை செய்கிறது. ஒரே கடிகாரத்துக்கு ஒரு தேர்வில் தடையும் மற்றொரு தேர்வில் அனுமதியும் இருப்பதால், அந்தந்த ஆண்டின் நுழைவுச் சீட்டில் உள்ள அறிவுறுத்தலைப் படிப்பது தவிர்க்க முடியாதது.

கத்தி எப்போது ஆயுதமாகிறது?

கத்தியைப் பொறுத்தவரை அடிப்படையான சட்டம் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட பொருள்களை அச்சட்டம் 'ஆயுதம்' என்கிறது. கூர்முனை கொண்ட ஆயுதங்களும் அதில் அடங்கும். வீட்டு உபயோகத்துக்கோ வேளாண்மைக்கோ மட்டும் வடிவமைக்கப்பட்ட பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு. காய்கறி நறுக்கும் கத்தியும் கதிர் அறுக்கும் அரிவாளும் உரிமம் இன்றி வீடுகளில் இருப்பது இதனால்தான்.

சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள் அளவையும் குறிப்பிடுகின்றன. அலகின் நீளம் 9 அங்குலத்துக்கு அதிகமாகவோ, அகலம் 2 அங்குலத்துக்கு அதிகமாகவோ உள்ள கத்திகள், வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றுடன் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்காகச் செய்யப்பட்டவை இங்கும் விலக்குப் பெறுகின்றன.

பழம் நறுக்கவும், பொட்டலக் கயிற்றை அறுக்கவும், பென்சில் சீவவும் உதவும் பேனாக்கத்தி இந்த அளவுகளுக்கு வெகு கீழே இருக்கிறது. அதன் அலகை நகத்தால் நெம்பிக் கையால்தான் திறக்க வேண்டும். விசையோ பொத்தானோ அதில் இருக்காது. இந்த வேறுபாடு சட்டத்தில் முக்கியமானது.

தில்லியின் தனி அறிவிக்கை

ஆயுதச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட வகை ஆயுதங்களைக் கட்டுப்படுத்த அறிவிக்கை வெளியிட வழி செய்கிறது. தில்லி நிர்வாகம் 1980 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. சுருள்வில்லாலோ, பொத்தானாலோ, பிற இயந்திர விசையாலோ திறக்கும் கத்திகள் இதன் கீழ் வருகின்றன. அலகு 7.62 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நீளமும், 1.72 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அகலமும் கொண்டிருந்தால் கட்டுப்பாடு பொருந்தும். அதாவது, மற்ற இடங்களில் 9 அங்குலம் என்பது எல்லை என்றால், தில்லியில் பட்டன் கத்திக்கு எல்லை வெறும் 3 அங்குலம்.

இதனால்தான் தில்லியில் இத்தகைய வழக்குகளில் அளவுகோல் முக்கியச் சாட்சியாகிறது. கைப்பற்றிய கத்தியைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அலகு, கைப்பிடி, அகலம் ஆகியவற்றின் அளவுகளைக் காவல் துறையினர் பதிவு செய்கின்றனர்.

எனினும், அளவு மட்டும் போதாது என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. தில்லியில் பட்டன் கத்தி வைத்திருந்ததாக ஒருவர் மீது தொடரப்பட்ட வழக்கை ரத்து செய்த நீதிமன்றம், உற்பத்தி, விற்பனை, விற்பனைக்காக வைத்திருத்தல், சோதனை ஆகிய நோக்கங்களையே அந்த அறிவிக்கை குறிப்பிடுவதாகச் சுட்டிக்காட்டியது. அத்தகைய நோக்கம் குற்றப்பத்திரிகையில் கூறப்படவில்லை என்பதால் வழக்கு நிலைக்கவில்லை. கத்தியுடன் பிடிபட்ட காரணத்தாலேயே கைதாகி, நீதிமன்றப் படியேறும் இளைஞர்களைப் பொறுத்தவரை இத்தீர்ப்பு முக்கியத்துவம் வாய்ந்தது. ஆனால், கைதுக்கும் விடுதலைக்கும் இடையே கழியும் காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.

ராம்பூரின் பெயரும் வீழ்ச்சியும்

பட்டன் கத்தி என்றவுடன் வட இந்தியாவில் நினைவுக்கு வருவது உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். நவாபுகள் காலத்திலிருந்து கத்தித் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற அந்நகரின் 'ராம்பூரி சாக்கு', ஹிந்தித் திரைப்படங்களின் வில்லன்கள் கையில் நாடெங்கும் அறிமுகமானது. அந்தப் புகழே தொழிலுக்கு எதிராகவும் திரும்பியது. நீளமான அலகு கொண்ட கத்திகளுக்கு மாநில அரசு தடை விதித்த பின்னர், கைவினைஞர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 2023 மார்ச்சில் ராம்பூரின் சாலைச் சந்திப்பு ஒன்றில் சுமார் 20 அடி உயர ராம்பூரி கத்தியின் மாதிரி நிறுவப்பட்டது. சட்டைப்பையில் வைத்தால் சந்தேகத்துக்கு உள்ளாகும் பொருள், ஊரின் அடையாளச் சின்னமாகத் தெருவில் நிற்கிறது.

விமானப் பயணத்தில்

விமானத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. அங்கு கத்தியின் அளவோ, உரிமையாளரின் நோக்கமோ பார்க்கப்படுவதில்லை. 1999 டிசம்பரில் காத்மாண்டிலிருந்து தில்லி நோக்கிப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டபோது, பயணி ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பு 4 அங்குலத்துக்குக் குறைவான அலகு கொண்ட கத்திகளை விமானத்துக்குள் எடுத்துச்செல்ல முடிந்தது. அத்தாக்குதலுக்குப் பின் அங்கு அந்தச் சலுகை மறைந்தது.

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் விதிகளின்படி, கைப்பையில் பேனாக்கத்திக்கும் இடமில்லை. பதிவு செய்து ஒப்படைக்கும் பெட்டியில், பிறருக்குக் காயம் ஏற்படாதவாறு நன்கு சுற்றி வைத்து அனுப்பலாம். சாவிக்கொத்தில் தொங்கும் சிறு கத்தியை மறந்துவிட்டுச் சோதனை வரை வந்துவிடும் பயணி, நேரம் இருந்தால் திரும்பிச் சென்று பெட்டியில் சேர்க்கலாம் அல்லது வழியனுப்ப வந்தவரிடம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அதை இழக்க நேரிடும்.

உள்நாட்டு விமானங்களில் இதற்குள்ள முக்கிய விலக்கு, சீக்கியர்கள் அணியும் கிர்பான். அலகு 6 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 9 அங்குலத்துக்கும் மிகாமல் இருக்க வேண்டும். கிர்பான் அணிவதைச் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதன் பகுதியாக அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு ஏற்றுக்கொண்டுள்ளது குறிப்பிடத்தக்கது. நீட் தேர்விலும், சமய அடையாளங்களுடன் வருவோர் சோதனைக்காக முன்கூட்டியே மையத்தை அடைந்தால் அனுமதிக்கப்படுகின்றனர்.

கடிகாரத்துக்கு விமானத்தில் தடை இல்லை. ஆனால், விலை உயர்ந்த கடிகாரத்துடன் வெளிநாடு செல்வோர், புறப்படும்போதே சுங்கத் துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது அது வெளிநாட்டில் வாங்கிய பொருள் எனக் கருதப்பட்டு வரி கேட்கப்படுவதை அது தவிர்க்கும்.

மறக்கக் கூடாதவை

எந்தக் கத்தியாக இருந்தாலும், அதைக் கொண்டு ஒருவரைக் காயப்படுத்தினால் அளவு பற்றிய விலக்குகள் எதுவும் உதவாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆவது பிரிவு, வெட்டவோ குத்தவோ பயன்படும் கருவியால் காயம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாகக் கருதுகிறது. பதற்றமான சூழலில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவின் கீழ் பிறப்பிக்கப்படும் தடை உத்தரவுகள், வழக்கமாக அனுமதிக்கப்பட்ட பொருள்களையும் பொது இடத்தில் எடுத்துச்செல்லத் தடை விதிக்கக்கூடும்.

பேனாக்கத்தி வைத்துக்கொள்ள விரும்புவோர், கையால் திறக்கும் சிறிய அலகு கொண்டதைத் தேர்ந்தெடுப்பதும், பொத்தானால் விரியும் கத்திகளைத் தவிர்ப்பதும் பாதுகாப்பானது. விமானப் பயணத்துக்கு முந்தைய இரவே பையையும் சாவிக்கொத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வு நாளில், அனுமதி உறுதியாகத் தெரியாத கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது, மைய வாயிலில் அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தவிப்பதைக் காட்டிலும் மேலானது.