நாய்க்குப் புற்றுக்கட்டி: கைவிடும் முன் ஓர் ஊசிச் சோதனை

திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நாயைக் கட்டிப்போட்டு வளர்ப்பவர்கள் குறைவு. கடுவனின் குறியிலிருந்து ரத்தம் சொட்டினால் உடம்புச் சூடு என்கிறோம். பெட்டைக்குச் சொட்டினால் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். சில மாதங்களில் கட்டி வெளியே தள்ளி, நாற்றமடித்து, புழு வைத்த பிறகு நாயை வாசலைவிட்டே விரட்டுகிறோம். அப்படி விரட்டப்படும் நாய்களில் பலவற்றுக்கு இருப்பது, புற்றுநோய்களிலேயே எளிதில் குணமாகும் வகை என்பதுதான் வேதனை.

இணைசேரும்போது தொற்றும் கட்டி

நாயின் பிறப்புறுப்பில் காலிபிளவர் போலச் சிவந்து வளரும் இந்தக் கட்டி விசித்திரமானது. நோயுற்ற நாயின் புற்று உயிரணுக்களே இணைசேரும்போதும் நக்கும்போதும் அடுத்த நாயின் உடலில் ஒட்டி வளர்கின்றன. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய கட்டிதான் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. முகர்ந்து பார்க்கும் பழக்கத்தால் மூக்கினுள்ளும் வரும். மனிதர்களுக்குத் தொற்றாது.

இதற்கான மருந்து வின்கிறிஸ்டின். நம் ஊரில் சுடுகாட்டு ஓரத்திலும் வீட்டு வாசலிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரிக்கப்படுவது. வாரம் ஒரு முறை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் கட்டி கரைந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாய்கள் முழுமையாகக் குணமாகின்றன. ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு வெள்ளை அணுக்களின் அளவைப் பார்ப்பது அவசியம். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால் பழகிய கைதான் போட வேண்டும். செடியின் இலையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு. கட்டி சுருங்கத் தொடங்கியதும் ஊசியைப் பாதியில் நிறுத்தினால் மீண்டும் வளர வாய்ப்புண்டு.

மடியில் கட்டி

பெட்டை நாய்களுக்கு அதிகம் வருவது மடிக்கட்டி. ஏறக்குறைய பாதி சாதுவானவை, மீதி புற்று. கையில் தட்டுப்படும்போது நெல்லிக்காய் அளவுகூட இருக்காது. அப்போதே அறுத்து எடுப்பதுதான் சிகிச்சை. அதற்கு முன் நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெட்டைகளுக்கு இந்தக் கட்டி வருவது மிக அரிது.

நெறி கட்டினால்

தாடைக்கு அடியிலும் தோளுக்கு முன்னும் முழங்காலுக்குப் பின்னும் வலியில்லாமல் நெறி கட்டினால் நிணநீர்ப் புற்றாக இருக்கலாம். பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் சிகிச்சையில் பெரும்பாலான நாய்களுக்கு நோய் அடங்கும். முழுக் குணம் அரிது. ஓராண்டு அளவுக்கு நல்லபடியாக வாழும். மனிதர்களைப் போல முடி கொட்டி, வாந்தியெடுத்து நலிவது நாய்களிடம் குறைவு. நோய் இன்னதென்று தெரியும் முன் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வீக்கம் வடிந்து ஏமாற்றும். பிறகு கொடுக்கும் புற்று மருந்துகளும் சரியாக வேலை செய்யாது.

எங்கே போவது?

கட்டியில் மெல்லிய ஊசியைக் குத்தி உறிஞ்சி, நுண்ணோக்கியில் பார்த்தாலே பல நேரம் வகை தெரிந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம், சில நிமிட வேலை. முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அங்கே முடியாததை நாமக்கல்லில் 1985இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நாமக்கல் பஸ் ஏறினால் காலையில் போய் மாலைக்குள் திரும்பும் தூரம்தான்.

புற்று மருந்து போட்ட சில நாட்களுக்கு நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தொட வேண்டாம். நோய் முற்றிவிட்டாலும் வலிக்கு மருந்து உண்டு. ஆனால் நமக்கு வாங்கிய பாராசிட்டமாலையோ புரூஃபெனையோ நாய்க்குக் கொடுக்கக் கூடாது. கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். எந்த மருந்துக்கும் வலி அடங்காமல், தின்னாமல், எழ முடியாமல் கிடக்கும் நாய்க்கு உறக்கத்திலேயே உயிர் பிரியும்படி ஊசி போடுவதும் மருத்துவர் செய்யும் சிகிச்சையே. அதைக் கேட்பதற்கு யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை.