நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிற வீட்டிலும் சத்துக்குறைவு இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. தட்டில் ஒரே வகை உணவு திரும்பத் திரும்ப வருவது அவற்றில் முக்கியமானது. அப்படி வருகிறதா என்று தெரிந்துகொள்ளத் தராசு வேண்டாம், நேற்றைய நாளை நினைவுபடுத்திக்கொண்டாலே போதும்.

பத்து வகையில் ஐந்து

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு பெண்களின் உணவை மதிப்பிட ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது. நேற்று எழுந்தது முதல் இன்று எழுந்தது வரை சாப்பிட்டதையெல்லாம் பத்து வகையாகப் பிரிக்க வேண்டும். தானியமும் கிழங்கும் ஒரு வகை. பருப்பும் பயறும் ஒன்று. நிலக்கடலை, எள், முந்திரி போன்றவை ஒன்று. பாலும் தயிரும் ஒன்று. மீனும் இறைச்சியும் ஒன்று. முட்டை ஒன்று. கீரை ஒன்று. கேரட், பரங்கி, பப்பாளி, மாம்பழம் போல வைட்டமின் ஏ நிறைந்த காய்கனி ஒன்று. மற்ற காய்கள் ஒன்று, மற்ற பழங்கள் ஒன்று. இவற்றில் ஐந்து வகையாவது வந்திருந்தால் நுண்சத்துகள் போதிய அளவு கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு இடங்களில் நாம் ஏமாறுவோம். 15 கிராமுக்கும் குறைவாகச் சேர்ந்தது கணக்கில் வராது; தாளித்த கறிவேப்பிலையைக் கீரையாக எண்ணக்கூடாது. உருளை, சேனை, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் அரிசியோடு ஒரே வகைதான். சோற்றுக்கு உருளைக்கிழங்கு வறுவல் வைத்தால் புதிதாக ஒன்றும் கூடுவதில்லை.

ஒரு சாதாரண நாளை எண்ணிப் பார்ப்போம். காலையில் இட்லி, சாம்பார். மதியம் சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, உருளை வறுவல், ரசம், தயிர். மாலையில் டீ, முறுக்கு. இரவு தோசை. பார்க்க நிறைவான சாப்பாடு. எண்ணினால் தானியம், பருப்பு, பால், மற்ற காய் என நான்குதான். ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்த்தால் ஐந்து. முருங்கைக்கீரைப் பொரியல் வைத்தால் ஆறு. ஒரு துண்டு பப்பாளியோடு ஏழு. எதுவும் விலை உயர்ந்த பொருளல்ல. கீரையில் எலுமிச்சை பிழிந்து, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் இருந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் இன்னும் நன்றாகச் சேரும்.

கல்யாண விருந்து, விரத நாள் போன்றவற்றை விட்டுவிட்டு வெவ்வேறு கிழமைகளில் மூன்று நாள் எண்ணிப் பாருங்கள்.

கடைசியில் சாப்பிடுகிறவர்

இந்தக் கணக்கைச் சமையலுக்குப் போடாதீர்கள், ஆளுக்குப் போடுங்கள். சட்டியில் ஏழு வகை இருந்திருக்கலாம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அம்மா உட்காரும்போது மீன் துண்டு தீர்ந்து குழம்பு மட்டும் இருக்கும். பொரியல் வழித்த சட்டிதான் மிஞ்சும். குழந்தைக்கும் கணவருக்கும் ஆளுக்கொரு முட்டை, அம்மாவுக்கு இல்லை. ஒரே அடுப்பில் சமைத்த சோற்றில் ஒருவருக்கு ஏழும் இன்னொருவருக்கு மூன்றும் வருவது இப்படித்தான். பெண்களுக்கென்றே இந்த அளவுகோல் வந்ததன் தேவையை நம் வீடுகளில் கண்ணாரப் பார்க்கலாம். வீட்டில் ஒருவருடைய தட்டை மட்டும் எண்ணத்தான் நேரம் இருக்கிறது என்றால், கடைசியில் சாப்பிடுகிறவரின் தட்டை எண்ணுங்கள். குறைவது தெரிந்தால் அவருடைய பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

மளிகைச் சீட்டு

பத்து வகைக் கணக்கு எது குறைகிறது என்று காட்டும். எது மிகுகிறது என்று காட்டாது. அதற்கு மாத மளிகைச் சீட்டை எடுங்கள். பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பிஸ்கட் வழியாக வரும் உப்பு தனி என்பதால் இன்னும் கூடுதலாகவே வர வேண்டும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவரின் ஒரு நாள் 2000 கிலோகலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். நான்கு பேருக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். அதே வழிகாட்டுதலில் பருப்பு, பயறு 85 கிராம். மாதத்துக்கு 10 கிலோ! முட்டை, மீன், இறைச்சி சாப்பிடுகிறவர்கள் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். கழித்த பிறகும் உங்கள் சீட்டில் அதில் பாதியாவது இருக்கிறதா? பல வீடுகளில் எண்ணெயைக் குறைப்பதைவிடப் பருப்பைக் கூட்டுவதுதான் அவசரமான வேலை என்பது என் எண்ணம்.

பாக்கெட்டின் பின்பக்கம்

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் இருக்கும். முன்பக்கம் கேழ்வரகுப் படம் போட்ட பிஸ்கட்டின் பின்பக்கத்தில் மைதாவும் சர்க்கரையும் முன்னால் நின்றால் அது மைதா பிஸ்கட்தான். சோடியத்தையும் பாருங்கள்: 2000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு.

யாருக்குப் பொருந்தாது

பத்து வகைக் கணக்கு நோயைக் கண்டறியும் சோதனை அல்ல. ஏழு வகை வந்தாலும் களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்தாக வேண்டும். சிறுநீரக நோயாளிகள் கீரை, பழம், பருப்பை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே சேர்க்கலாம். ஆறு மாதம் முடிந்து இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தாய்ப்பாலையும் ஒன்றாக எண்ணும் எட்டு வகைக் கணக்கு தனியாக உண்டு. அவர்களுக்கும் ஒரு நாளில் ஐந்து வகையாவது வர வேண்டும்.