ஆடம்பர அட்டையா? வியாபார அட்டையா?

பையிலே ஒரு சதமும் இன்றி ஊரெல்லாம் சுற்றிவர முடியுமா? முடியும் என்று உலகுக்குக் காட்டியது அமெரிக்கா. 1950 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே 'டைனர்ஸ் கிளப்' என்னும் அட்டை தோன்றியது. உணவுச்சாலையில் உண்டவர் அட்டையைக் காட்டிவிட்டு வெளியேறலாம். பணத்தைப் பின்னர் மொத்தமாகச் செலுத்தலாம். 1958 இல் 'பாங்க் ஒப் அமெரிக்கா' கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகரத்தவருக்கு, அவர்கள் கேளாமலே, 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. அன்று ஊன்றிய விதை இன்று பெரு விருட்சமாகிவிட்டது. அட்டை வேண்டுமா என்பதன்று, எந்த அட்டை வேண்டும் என்பதே அந்நாட்டவரின் இன்றைய கேள்வி.

நம்மவர் பலரின் பிள்ளைகளும் அங்கே குடியேறி வாழ்கின்றனர். ஆதலின் இக்கேள்வி நமது இல்லங்களுக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. ஓர் உதாரணத்தைக் கொண்டு அதனை ஆராய்வோம்.

இரண்டு அட்டைகள்

சேஸ் என்னும் பெரிய வங்கி 2016 இல் இரண்டு கடனட்டைகளை வெளியிட்டது. ஒன்று 'சபயர் றிசேர்வ்'. பிரயாணிகளுக்கான உயர்தர அட்டை. மற்றது 'இங்க் பிஸ்னஸ் பிறிபேர்ட்', சிறு வியாபாரிகளுக்கானது. முன்னதன் ஆண்டுக் கட்டணம் 450 டொலர். பின்னதன் கட்டணம் 95 டொலர்.

இத்துணை வித்தியாசமா என்று மலைக்க வேண்டாம். றிசேர்வ் அட்டையைக் கொண்டு பிரயாணத்துக்குச் செலவிடும் முதல் 300 டொலரை வங்கி ஆண்டுதோறும் திருப்பித் தந்துவிடும். ஆகவே, எப்படியும் பிரயாணம் செய்பவருக்கு உண்மையான கட்டணம் 150 டொலரே. இரண்டு அட்டைகளுக்கும் இடையே எஞ்சிய வித்தியாசம் 55 டொலர். விமான நிலையங்களில் நெரிசலின்றி அமர்ந்து, இலவசமாகச் சிற்றுண்டி அருந்தி இளைப்பாறுவதற்கான மண்டபங்கள் உள்ளன. அவற்றின் கதவுகள் இவ்விரண்டில் றிசேர்வ் அட்டைக்கே திறக்கும். அந்த வசதிக்கு 55 டொலர் அதிகமன்று.

ஆனால், நிலைமை மாறியது. றிசேர்வ் அட்டையின் கட்டணம் 2020 இல் 550 டொலராயிற்று. 2025 இல் 795 டொலராயிற்று. அதில் 300 டொலரைக் கழித்தாலும் 495 டொலர் எஞ்சுகின்றது. அவ்வுயர்வு வந்தபோதும் வியாபார அட்டையின் கட்டணம் 95 டொலராகவே நின்றது. 55 டொலராக இருந்த வித்தியாசம் ஒன்பது ஆண்டுகளில் 400 டொலராகிவிட்டது!

சலுகையா, தூண்டிலா?

வங்கி கட்டணத்தை வாளா உயர்த்தவில்லை. புதிய சலுகைகளையும் அடுக்கிக் காட்டியது. குறிப்பிட்ட சில உணவுச்சாலைகளில் உண்டால் ஆறு மாதத்துக்கு 150 டொலர் வரை திரும்பி வரும். குறிப்பிட்ட ஆடம்பர ஹோட்டல்களில் தங்கினால் ஆண்டுக்கு 500 டொலர் வரை திரும்பி வரும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கட்டணத்தையே விஞ்சிவிடும்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். வீட்டிலே சமைத்துண்டு, வெளியூர் சென்றால் உறவினர் இல்லத்தில் தங்கும் குடும்பத்துக்கு இச்சலுகைகளின் பெறுமதி யாது? ஒன்றுமில்லை. நூற்றைம்பது டொலரைப் பெறுவதற்காக, முன்னொருபோதும் போகாத உணவுச்சாலைக்குப் போய் இருநூறு டொலர் செலவிடுவது சேமிப்பாகாது. நாம் எப்படியும் செய்யவிருந்த செலவைக் குறைப்பதே சலுகை. செய்யவேண்டாத செலவைச் செய்விப்பது தூண்டில். 'சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்' என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வியாபாரியின் கணக்கு

வீட்டிலிருந்தவாறே துணிமணி விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பொதிகளை அனுப்பவும் இணையத்தில் விளம்பரம் செய்யவும் மாதம் 1,000 டொலர் செலவிடுகிறார். இத்தகைய செலவுகளுக்கு வியாபார அட்டை டொலருக்கு 3 புள்ளிகள் வழங்கும். ஆண்டில் 36,000 புள்ளிகள் சேரும். றிசேர்வ் அட்டை அதே செலவுக்கு டொலருக்கு ஒரு புள்ளியே வழங்கும், சேர்வது 12,000. ஒரு புள்ளிக்கு ஒரு சதம் என்று கொண்டாலும், ஒன்று 360 டொலர், மற்றது 120 டொலர். இவருக்கு மலிவான அட்டையே மேலானது.

ஆயினும், மாதந்தோறும் விமானமேறி ஹோட்டல்களில் தங்குபவரின் கணக்கு வேறு. விமானக் கம்பனியிடமும் ஹோட்டலிடமும் நேரே செலுத்தும் பணத்துக்கு றிசேர்வ் அட்டை 2025 முதல் டொலருக்கு 4 புள்ளிகள் வழங்குகின்றது. மண்டபமும் அவருக்கு அடிக்கடி பயன்படும். அவர் உயர்ந்த கட்டணம் செலுத்துவதில் தவறில்லை.

மறைந்திருக்கும் ஆபத்து

வியாபார அட்டையை நாடுவோர் இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. கடனட்டை வங்கிகள் முன்னறிவிப்பின்றி வட்டியை உயர்த்துவதைத் தடுத்து, அமெரிக்கா 2009 இல் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் பாதுகாப்பு தனிப்பட்டோரின் அட்டைகளுக்கே உரியது. வியாபார அட்டைகளுக்கு இல்லை. அன்றியும், வியாபாரம் நொடித்துப் போனாலும் சிறு வியாபாரி அக்கடனைத் தம் சொந்தப் பணத்திலிருந்து தீர்க்கவேண்டும்.

எந்த அட்டையாயினும், மாத முடிவில் முழுத் தொகையையும் செலுத்தாதவருக்கு மேற்கூறிய கணக்கெல்லாம் வீண். நூற்றுக்கு 20 வீத வட்டியில் 3,000 டொலர் ஓராண்டு நிலுவையாக நின்றால், வட்டி மட்டும் 600 டொலர். நமது துணி வியாபாரி ஆண்டு முழுவதும் சேர்த்த 360 டொலர் எங்கே?

ஆகவே, அங்குள்ள பிள்ளைகள் ஆலோசனை கேட்டால், விளம்பரத்தைப் பார்க்குமுன் சென்ற ஆண்டின் செலவுக் குறிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை முறை விமானமேறினர், எத்தனை இரவு ஹோட்டலில் தங்கினர், எந்த மாதத்தில் கடன் நிலுவை வைத்தனர் என்று எழுதிப் பார்க்கட்டும். நிலுவை வைக்கும் பழக்கம் இருப்பின், முதலில் அதனைத் தீர்க்கட்டும். எந்த அட்டை ஏற்றது என்பதை அதன் பின்னர் ஆறுதலாகத் தீர்மானிக்கலாம்.