சுவரிலே உருகும் மணிக்கூடு

ஒரு வீட்டின் முன்கூடத்துச் சுவரைப் பார்த்தே அவ்வீட்டார் எதனைப் போற்றுகின்றனர், யாரை நினைந்திருக்கின்றனர் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். மன்னார்த் தீவின் தென்கரையிலே கடலை நோக்கி அமைந்த தாழ்வுபாடு, கத்தோலிக்க மீனவ மக்கள் வாழும் ஊர். அங்கே சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் இருக்கும், அருகே மாதா, சற்றுத் தள்ளி, மறைந்த பெரியோரின் நிழற்படம். சைவர்களாகிய நம் வீடுகளில் பிள்ளையாரும் முருகனும் இலக்குமியும் வீற்றிருப்பர். தெய்வம் வேறாயினும் முறை ஒன்றே. இத்தகைய சுவரிலே கனவிலிருந்து பெயர்த்தெடுத்தாற் போன்றதோர் ஓவியம் வந்து சேர்ந்தால் என்ன நிகழும்?

அண்மையில் அவ்வூரில் நம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது இக்கேள்வி நம்முன் வந்து நின்றது. கொழும்பில் வேலை பார்க்கும் அவர், அச்சுப்படம் ஒன்றைச் சட்டமிட்டுக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். அதிலே மணிக்கூடுகள் வெயிலில் வைத்த வெண்ணெய்போல் இளகிக் கிடக்கின்றன. ஒன்று மேசை விளிம்பில் வழிகின்றது. ஒன்று பட்ட மரக்கிளையில் ஈரத்துணிபோல் தொங்குகின்றது. மூடிய ஒன்றன்மேல் எறும்புகள் மொய்க்கின்றன.

“ஓடாத மணிக்கூட்டை வீட்டில வைக்கக் கூடாது சேர். கழட்டச் சொல்லுங்கோ,” என்றார் வீட்டு ஆச்சி. உலகப் புகழ்பெற்ற படம் என்றார் பேரன். இருவரும் நம்மைப் பார்த்தனர்.

ஆச்சியின் சொல்லைப் பழமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் சட்டமிட்ட அச்சுப்படம் என்பதே நம் வீடுகளுக்கு ஒரு காலத்தில் புதுமைதான். இரவிவர்மா 1894 ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவிய பின்னரே, அவர் வரைந்த இலக்குமியும் சரசுவதியும் ஏழை எளியவர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தனர். பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர்தம் மாணாக்கரும் வரைந்த நாட்காட்டிப் படங்கள் தமிழர் சுவர்களை நிறைத்தன. நேற்றைய புதுமையே இன்றைய மரபாகின்றது.

அப்படியாயின் இந்த உருகும் மணிக்கூடு எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போரின் அழிவைக் கண்டு, அறிவும் ஒழுங்கும் மட்டும் மனிதனைக் காப்பாற்றவில்லை என்று மனங்கசந்த இளைஞர் சிலர், கனவிலும் அடிமனத்திலும் உண்மையைத் தேடினர். பிராய்டின் உளவியல் அவர்களுக்கு வழிகாட்டிற்று. 1924 இல் ஆந்திரே பிரத்தோன் என்னும் கவிஞர் பாரிஸ் நகரில் அவ்வியக்கத்தின் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். சர்ரியலிசம் என்றும் மீயதார்த்தம் என்றும் நாம் குறிப்பது இதனையே. நாம் அறிந்த பொருள்களை அறியாத முறையில் ஒன்றுசேர்ப்பது இதன் உத்தி. கனவு செய்வதும் அதுதானே!

மேற்கூறிய ஓவியம் சல்வடோர் டாலி 1931 இல் வரைந்த ‘நினைவின் நிலைபேறு’. மூலப்படம் வெறும் 24 சென்ரிமீற்றர் உயரமும் 33 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. ஏறக்குறையப் பாடசாலைக் கொப்பி ஒன்றை விரித்த அளவே. 1934 முதல் அது நியூயோர்க் நவீன கலைக்கூடத்தில் உள்ளது.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைத்தபோது ஆச்சி அவ்வளவாகச் செவிசாய்க்கவில்லை. படத்தின் பின்புறத்தை விரலாற் காட்டி, “அது எந்தக் கரை?” என்று கேட்டார். நல்ல கேள்வி! அது கற்பனைக் கரையன்று. ஸ்பானிய நாட்டின் வடகிழக்கே டாலி வாழ்ந்த கடற்புறத்துப் பாறைகளே அவை. போர்ட் லிகாட் என்னும் சிற்றூரில் மீனவர் குடிசை ஒன்றை வாங்கிப் பெருக்கிக் கட்டியே அவர் குடியிருந்தார். இதைச் சொன்னதும் ஆச்சி படத்தின் அருகே சென்று நின்றார்.

சற்றுப் பொறுத்து, “தொண்ணூறாம் ஆண்டு இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினபோது எங்கட மணிக்கூடு சுவரில ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் சுவரே இல்லை,” என்றார்.

பேரன் இதனை அதற்குமுன் கேட்டதில்லையாம். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து கடல் கடந்தோரும், காட்டுவழியே மடுவுக்குச் சென்றோரும், 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் விட்டுச் சென்ற சுவர்கள் எத்தனை! நின்றுபோன காலத்தைப் பற்றி டாலியைவிட அவர்கள் நன்கறிவர். ஆச்சி அன்று படத்தை ஏற்கவில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை. திரு இருதயப் படத்துக்கு அருகே வேண்டாம், எதிர்ச்சுவருக்கு மாற்று என்றார். அதனை நாமும் சரியென்றே கொண்டோம். பல தலைமுறை வாழும் வீட்டில் சுவர் எல்லோருக்கும் பொது.

இத்தகைய படம் வாங்க விரும்புவோர்க்குச் சில சொல்லுவோம். டாலி தம் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான வெற்றுத் தாள்களில் கையொப்பமிட்டமையால் போலி அச்சுகள் உலகெங்கும் பெருகின. ஆகவே ‘கையொப்பமிட்ட அசல்’ என்ற சொல்லை நம்பிப் பெரும்பணம் கொடுத்தல் கூடாது. அச்சுப்படத்துக்கு அச்சுப்படத்தின் விலையே போதும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றே படத்தின் பகை. கண்ணாடி படத்தைத் தொடாதவாறு நடுவே தடித்த அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். பின்புறத்தைப் பூச்சி புகாமல் மூடுக. இரும்பாணி துருப்பிடிக்கும், பித்தளைக் கொளுக்கி நன்று. நேர்வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் மங்கும்.

மாணவர்க்கு மற்றொன்று. விலை கொடுத்து வாங்கினால்தான் கலை என்பதில்லை. 1943 இல் கொழும்பில் தோன்றிய ‘43 குழு’வின் உயிர்நாடியாக விளங்கிய லயனல் வென்ட், நம் நாட்டுக் காட்சிகளைக் கொண்டே கனவு போன்ற ஒளிப்படங்களை ஆக்கினார். மன்னாரில் கனவுக்கா பஞ்சம்? வேரை வானுக்குக் காட்டித் தலைகீழாய் நட்டாற்போல் நிற்கின்றது பள்ளிமுனைப் பெருக்கமரம். தெருவிலே கழுதைகள் உரிமையோடு உலாவுகின்றன. தீவின் தென்கரையில் 2020 இல் எழுந்த முப்பது காற்றாலைகள் பனைகளுக்கு மேலே கைவீசுகின்றன. டாலி தம் ஊர்க் கரையில் மணிக்கூட்டை வைத்தார். தாழ்வுபாட்டுக் கரையில் எதை வைப்பது என்பதை இங்குள்ள பிள்ளைகள் தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு அறிந்து வரையலாம். அப்படம் மூலையில் ஒட்டிய வெறுந்தாளாயினும், வாங்கிய படத்துக்குப் பக்கத்தில் இடம்பெறத் தகும்.